“ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்”: பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் திறந்து பார்த்தபோது

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: “ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் 11 போட்டது. நல்ல கண்டிஷன்.” பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கு, கேபினெட் மட்டும் புத்தம்புதிது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே கேம் ஓடும்போது பட்டென்று அணையத் தொடங்கியது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் “போர்டு போச்சு” என்று சொல்லிவிட்டார்கள். போர்டு நன்றாகவே இருந்தது. விற்றவர் வைத்த முடிச்சைப் பழுது பார்த்தவர் இன்னும் இறுக்கிவிட்டார், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்ததில் கிடைத்தவற்றைக் கீழே எழுதுகிறோம். இதே சரக்கு இதே பெயர்களில் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

முதலில் பிராசஸர். ஐ7 என்றது பொய்யில்லை. உள்ளே இருந்தது ஐ7-870. 2009இல் வந்தது, அது அமரும் சாக்கெட் எல்ஜிஏ1156, போர்டு எச்55 சிப்செட் வகை. ஐ7 என்ற பெயரை வைத்து எதுவும் தெரியாது, பின்னால் வரும் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று இலக்கம் என்றால் முதல் தலைமுறை. நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கமே தலைமுறை: 2600 இரண்டாவது, 3770 மூன்றாவது, 8700 எட்டாவது. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கங்கள். எண்ணைச் சொல்லாமல் “ஐ7” என்று மட்டும் விளம்பரம் செய்பவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். பதிலாக “நல்ல ஸ்பீடா இருக்கும் சார்” என்று வந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

870 அந்தக் காலத்தில் நல்ல பிராசஸர்தான்: 4 கோர், 8 த்ரெட், 95 வாட். சிக்கல் அதைச் சுற்றியுள்ள போர்டில். அந்த சாக்கெட்டில் இதற்கு மேல் ஏறுவதற்குச் சொல்லும்படியாக எதுவும் இல்லை. எச்55இல் டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் 3 ஜிகாபிட் மட்டுமே, யுஎஸ்பி 3 சிப்செட்டில் கிடையாது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கிடையாது. விண்டோஸ் 11க்குத் தகுதியான பிராசஸர்களின் மைக்ரோசாஃப்ட் பட்டியல், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஆக இதில் இருந்த விண்டோஸ் 11, தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து ஏற்றியது. மாதாந்தர அப்டேட் வரும். வருடாந்தரப் புதுப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் அதே குறுக்குவழியில் கையால் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் பழைய மெஷின் விற்பவர்கள் எல்லோரும் இப்போது 11ஐத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். திரையில் 11 தெரிவதால் மெஷின் அதற்குத் தகுதியானது என்று ஆகாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் பக்கம் காட்டும் பிராசஸர் பெயர், விண்டோஸ் தன் விவரங்களை வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அது புதிதாக எழுதப்படும் என்றாலும், ஸ்டார்ட்அப்பில் ஒரு சின்ன ஸ்கிரிப்டை வைத்து விரும்பிய பெயரை அதன்மேல் எழுதிவிடலாம். அதனால் விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையையும், சிபியு-இஸட் என்ற நிரலையும் பாருங்கள்.

இனி கிராபிக்ஸ் கார்டு. இந்த மெஷினில் இருந்த பெரிய மோசடி இதுதான். விண்டோஸில் “ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி” என்று வந்தது. உள்ளே இருந்தது 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 வகைச் சிப், 1 ஜிபி மெமரி. கார்டின் பயாஸை மாற்றி எழுதிப் பெயரையும் மெமரி அளவையும் பொய்யாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான 1050 டிஐ-இல் கணக்குப் போடும் கூடா கோர்கள் 768, இதில் 192. கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும். ஜிபியு-இஸட் என்ற இலவச நிரல் 2018 முதல் இப்படிப்பட்ட கார்டுகளின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டுகிறது. அது இல்லாமலும் சில தடயங்கள் உண்டு. கார்டின் பின்புறம் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். 1050 டிஐ-யின் சிப்பில் அனலாக் வெளியீடே இல்லை. ஜிபியு-இஸட்டிலேயே வல்கன் பெட்டியில் டிக் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஃபெர்மி என்ற பழைய தலைமுறைச் சிப், ஜிடிஎஸ் 450 அந்த வகைதான். என்விடியாவின் தளத்திலிருந்து 1050 டிஐ-க்கான டிரைவரை இறக்கி ஏற்றிப் பாருங்கள்: போலி என்றால் பொருத்தமான ஹார்டுவேர் இல்லை என்று மறுக்கும், அல்லது டிவைஸ் மேனேஜரில் கோட் 43 வரும். ஃபெர்மிக்கான டிரைவர் 2018இல் 391 வரிசையோடு நின்றுவிட்டது. “டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணாதீங்க, செட்டிங் கெட்டுடும்” என்று விற்றவர் அக்கறையோடு சொல்லி அனுப்பியதற்குக் காரணம் இதுதான்.

கேம் 1 ஜிபிக்கு மேல் மெமரி கேட்கும்போது இந்தக் கார்டில் திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் வரும், அல்லது கேம் மூடிக்கொள்ளும். அது ஒரு தொல்லை. ஆனால் மெஷின் மொத்தமாக அணைந்ததற்குக் காரணம் வேறு.

உண்மையான 1050 டிஐ 75 வாட்டுக்குள் ஓடுவது. பல மாடல்களுக்குத் தனிப் பவர் வயரே தேவையில்லை, போர்டின் ஸ்லாட் கொடுப்பதே போதும். ஜிடிஎஸ் 450 கேட்பது 106 வாட், அதற்கு 6 பின் வயர் வேண்டும். மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லாததால், பழைய டிஸ்க்குகளுக்கான மோலெக்ஸ் வயர் இரண்டிலிருந்து இழுத்து மாட்டியிருந்தார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிய எழுத்தில் 500 வாட். கீழே உள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். பிராசஸர் 95, கார்டு 106, இரண்டும் முழு வேலையில் இருந்தால் 201. ஃபேன், டிஸ்க் எல்லாம் அதற்கு மேல். இரண்டுமே அதிகம் இழுப்பது 12 வோல்ட் பக்கம்தான், 3.3, 5 வோல்ட் பக்கம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அது இங்கே உதவாது. பழைய எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மேலே அச்சடித்த வாட்டை விட்டுவிட்டு 12 வோல்ட் ஆம்பியரைப் படியுங்கள். 30 ஆம்பியர் இருந்தால் 360 வாட். இந்த வகை மெஷினுக்குத் தாராளம்.

அணைவது சூட்டினாலா பவரினாலா என்று பிரித்துப் பார்ப்பது எளிது. சூடு என்றால் பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும், முதலில் வேகம் குறையும், பிறகுதான் அணையும். பவர் என்றால் 70 டிகிரியில்கூட முன்னறிவிப்பின்றி ஒரே வெட்டாகப் போகும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகும். அது “மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது” என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது, அதை வைத்து யாராவது போர்டு மாற்றச் சொன்னால் நம்ப வேண்டாம். பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 நிரலை மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் ஃபர்மார்க் மட்டும். தனித்தனியாகத் தாங்கி, சேர்த்து ஓட்டும்போது விழுந்தால் எஸ்எம்பிஎஸ்தான். நீளமாக ஓட்டாதீர்கள், மட்டமான எஸ்எம்பிஎஸ் அணைவதற்குப் பதிலாகப் புகையலாம். மல்ட்டிமீட்டர் இருந்தால் மோலெக்ஸின் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே பாருங்கள்: லோடில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பழுது பார்த்த இடத்தில் இதில் எதையும் செய்யவில்லை. கார்டைக் கழற்றி, மானிட்டரைப் போர்டின் விஜிஏ போர்ட்டில் மாட்டி, “டிஸ்பிளே இல்லை, போர்டு போச்சு” என்றார்கள். ஐ7-870க்குள் கிராபிக்ஸ் கிடையாது. எச்55 போர்டின் விஜிஏ போர்ட் வேலை செய்ய, கிராபிக்ஸ் உள்ள ஐ3-530, ஐ5-650 போன்ற பிராசஸர் வேண்டும். 870 மாட்டினால் அந்தப் போர்ட் வெறும் ஓட்டைதான், போர்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் படம் வராது. இது தெரியாமல் சொன்னார்களா தெரிந்தே சொன்னார்களா என்பதைவிட, கார்டைத் திரும்ப மாட்டிப் பார்க்கக்கூட இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

டிஸ்பிளே வராத பழைய மெஷினில் வரிசை இப்படி இருக்க வேண்டும்: பவர் வயரைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத் திரும்பப் போடுவது. பேட்டரி 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது. ரேமை எல்லாம் எடுத்து, தங்கநிறத் தொடுமுனைகளை வெள்ளை ரப்பரால் துடைத்து, துகள் இல்லாமல் ஊதி, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போட்டுப் பார்ப்பது. வேலை செய்யும் வேறொரு கார்டை மாட்டுவது. போர்டின் 4 பின் பிராசஸர் வயர் அழுந்த மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. ரேம் இல்லாமல் ஆன் செய்தால் ஸ்பீக்கரில் பீப் வருகிறது என்றால் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன. இவ்வளவும் முடிந்த பிறகுதான் போர்டைக் குறை சொல்லலாம்.

ரேமுக்கு வருவோம். நான்கு ஸ்லாட்டிலும் 4 ஜிபி, மொத்தம் 16. விண்டோஸும் 16 ஜிபி என்றே காட்டியது. பக்கத்தில் சிறியதாக ‘7.96 ஜிபி பயன்படுத்தத்தக்கது’ என்றும் இருந்தது. அந்த அடைப்புக்குறியைத்தான் யாரும் படிப்பதில்லை. ஸ்டிக்குகள் இருப்பது தெரிகிறது, ஆனால் பெரும்பாலும் பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் இரண்டு சேனல்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் மேக்ஸிமம் மெமரி டிக் ஆகியிருக்கிறதா, பயாஸில் மெமரி ரீமேப் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். இந்த சாக்கெட்டில் அடிக்கடி நடப்பது வேறு: கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று சரியாக அழுந்தாமல் பிராசஸர் சாய்ந்து அமர்வது, அல்லது சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருப்பது. கூலரைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, பிராசஸரை எடுத்து, சாக்கெட்டின் பின்களை டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வரிசையில் ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அதுதான். மெல்லிய ஊசியால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒடிந்தால் அதோடு அந்தப் போர்டை மறந்துவிட வேண்டியதுதான். இந்த மெஷினில் ஆணிதான் காரணம். எதிரெதிர் மூலைகளாக அழுத்தி மாட்டியதும் 16 ஜிபியும் வந்துவிட்டது.

அதற்கு முன் பழுது பார்த்த இடத்தில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகளையும் விற்றிருந்தார்கள். அவை பூட் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. இந்தத் தலைமுறை பிராசஸர் 2 ஜிகாபிட் (கால் ஜிபி) சிப்களுக்கு மேல் ஏற்பதில்லை. ஆகவே ஒரு ஸ்டிக்கில் 4 ஜிபிதான் எல்லை, அதிலும் இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ளதாக இருக்க வேண்டும். ‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’ என்று மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள் பிற்காலத்து இன்டெல் போர்டுகளிலும் ஏறாது. சிலவற்றில் அந்த வாசகத்தை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருப்பார்கள்.

எஸ்எஸ்டி 931 ஜிபி என்று காட்டியது. 1 டிபி-க்கு அது சரியான கணக்கு. ஆனால் எச்2டெஸ்ட்டபிள்யு என்ற சோதனை நிரலைப் போட்டு நிரப்பிச் சரிபார்த்தால் சுமார் 120 ஜிபி வரைதான் எழுதியது திரும்ப வந்தது. அதற்கு மேல் எழுதிய ஃபைல்களின் பெயர் இருக்கும், உள்ளே குப்பை இருக்கும். படங்களைச் சேமித்து வைத்துப் பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும் என்பதால் இது கார்டு மோசடியைவிடக் கொடியது. சோதனை மெதுவானது: 3 ஜிகாபிட் சாட்டாவில் எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல், படிக்க இன்னொரு மணி நேரம், மட்டமான எஸ்எஸ்டியில் இன்னும் பல மடங்கு. இரவில் ஓடவிடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில், கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 05, சி5, சி6 வரிகள் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கேபிள் வழிப் பிழைகளைக் காட்டும் சி7 மட்டும் ஏறியிருந்தால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர்-ஆன் மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள், அதைத் துடைக்க முடியும்.

பயாஸில் டிஸ்க் பழைய ஐடிஈ முறையில் விடப்பட்டிருந்தது. அப்படியே எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் மோடு வைத்து, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் ஏறிய பின் அதை எடுத்துவிட்டால் போதும்.

விற்றவர் போட்டுக் கொடுத்த விண்டோஸை எதுவானாலும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். திருட்டு ஆக்டிவேஷன் கருவிக்காக, சில ஃபைல்களைச் சோதிக்காமல் விடும்படி ஆன்டிவைரஸில் விலக்குகள் வைத்திருப்பார்கள். கம்பெனிகளிலிருந்து வரும் மெஷினில் பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும், புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது ஏதாவது நிறுவனத்தின் லாகின் கேட்கிறதா என்றும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: “ஐ7 சொன்னோம், ஐ7 கொடுத்தோம்.” பில்லில் எழுதியிருந்ததும் “ஐ7 பிசி – 1” மட்டும்தான். அதை வைத்து எதையும் கேட்க முடியாது. பில்லில் பிராசஸரின் முழு எண், போர்டு மாடல், ரேம் எத்தனை ஸ்டிக் எத்தனை ஜிபி, கார்டின் பெயரும் சீரியலும், டிஸ்க்கின் சீரியல் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பழுதுக்குக் கொடுக்கும்போதும் இதே பட்டியலை எழுதி, மூடியைத் திறந்து போட்டோ எடுத்து, பழுதுக்கு எடுத்துக்கொள்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரேம் ஸ்டிக்கின் லேபிள் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். மாறிப்போவது பெரும்பாலும் அதுதான்.