சைலன்சர் போல்ட் மாற்றக் கொடுக்கிறீர்களா? மரையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

மேனிஃபோல்டும் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் பாகம்) சைலன்சர் பைப்பும் சேரும் இடத்தில் என் காருக்கு இரண்டு போல்ட். இரண்டும் துருவேறி, நடுவே அடைப்பாக இருக்கும் காஸ்கெட் ஓரம் புகை கசிய ஆரம்பித்தது. வீடு திருவான்மியூரில். கடல் காற்றுக்கு கேட் கொண்டியே நிற்காத ஊரில் இது எம்மாத்திரம்! பக்கத்து ஏரியா ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. "சார், மேனிஃபோல்டுல மரை போயிடுச்சு. பழைய வண்டில அப்படித்தான். புதுசு போடணும், 14,000 ஆகும்."

நேரில் போய்ப் பார்த்தேன். கழற்றிய பழைய போல்ட்டும், அவர்கள் ஏற்றிப் பார்த்த புது போல்ட்டும் ஒரே தட்டில் கிடந்தன. புதிதின் மரை இடுக்கில் பளபளவென்று இரும்புச் சுருள். இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் இரண்டு மரை பொருந்துகிறது, அப்புறம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. மெக்கானிக்கைக் கேட்டால், "ரெண்டும் 10 எம்எம்தான் சார்" என்கிறார்.

10 எம்எம் சரிதான். ஆனால் அது தடிமன் மட்டும். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், அதாவது பிட்ச், என் ஜப்பான் டிசைன் காரில் 1.25 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் சும்மா எம்10, அதாவது 10 எம்எம் போல்ட், என்று கேட்டால் பெரும்பாலும் 1.5 பிட்ச்தான் தருவார்கள். அது இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அங்கே கையை எடுக்காமல் ஏர் கன்னை வைத்து அழுத்தினால் ஓட்டையின் மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வரும். என் வண்டியில் நடந்தது இதுதான்.

ஸ்பானர் நம்பரை வைத்தும் ஏமாறாதீர்கள். அது தலையின் அளவு. ஒரே எம்10-க்கு 14, 16, 17 என்று மூன்று தலையும் உண்டு. துரு தின்ற போல்ட்டை வெர்னியரில் வைத்தால் 9.5 காட்டும், உடனே 3/8 இன்ச் என்பார்கள். துரு படாத பக்கத்தில் அளக்கச் சொல்லுங்கள். பிட்ச் கேஜ் இல்லாவிட்டால் ஸ்கேல் போதும்: வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு பத்து இடைவெளியை அளந்தால் 1.25-க்கு 12.5 மில்லிமீட்டர், 1.5-க்கு 15. புது போல்ட் நல்ல ஓட்டையில் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஓட்டையைச் சுத்தம் செய்து பார்க்கலாம், ஸ்பானரைத் தொடக் கூடாது. பழைய போல்ட் தலையில் 8.8, 10.9 என்று பலத்தைக் குறிக்கும் நம்பர் எழுதியிருந்தால் புதியதிலும் அதே வேண்டும்.

மேனிஃபோல்டு மாற்ற மாட்டேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மரை போன ஓட்டையில் பெரிதாக டேப் போட்டு (புது மரை வெட்டி), உள்ளே ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை இறக்கி, பழைய 1.25-க்கே கொண்டுவந்துவிட்டார். சரியான போல்ட் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். 14,000 எங்கே, இது எங்கே!

முதல் ஒர்க்‌ஷாப் வாங்கிய லேபர் 1,200 இன்னும் திரும்பவில்லை. 'முதலாளி ஊரில் இல்லை' என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். இரண்டு போல்ட்டையும் அன்றே கேட்டு வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. மரையோடு மரை ஒட்டி எடுத்த போட்டோவைப் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.