அந்தப் படத்தில் இருப்பது என் வீட்டு மஞ்சள் கறை

போன மாதம் சேலத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, 450 ரூபா போட்டு மூணு வாரம் ஆச்சு. கவர் வரல. போனும் எடுக்க மாட்டேங்கிறீங்க. பணத்தையாவது திருப்பிப் போட்டுருங்க." கூடவே ஒரு படம். காகிதப் பூ (போகன்வில்லா) இதழ்களை உலர்த்தி, ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் ரெசினில் பதித்த போன் பேக் கவர். நான் செய்த கவர், நான் எடுத்த படம். அடியில் விரித்த வெள்ளைச் சார்ட் பேப்பரின் வலது மூலையில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. சமையலுக்கு நடுவில் ஓடிவந்து படம் எடுத்தபோது என் விரல் பட்ட இடம் அது.

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் அவள் சிக்கிய தூண்டிலில் புழுவாகத் தொங்கியது என் படம். அதை எடுத்து அந்த மோசடிக்காரன் கையில் கொடுத்ததும் நான்தான். வீட்டிலேயே ஏதாவது செய்து இன்ஸ்டாவில் விற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் மதுரை. இரண்டு வருடமாகப் பூ வைத்த கவர் செய்கிறேன். (எல்லோரும் முதலில் கேட்பது மல்லிகைப் பூ வைத்துத் தர முடியுமா என்றுதான். முடியாது. மல்லி உலர்ந்தால் பழுப்பாகிவிடும், டீத்தூள் ஒட்டியதுபோல் இருக்கும். காகிதப் பூதான் நிறம் விடாது.) ஆரம்பத்தில் என் கவர் யாரும் வாங்கவில்லை. காரணம் கவர் இல்லை, படம். டியூப்லைட் வெளிச்சத்தில் கட்டில் விரிப்பின் மேல் வைத்து எடுத்தால் ரெசினில் என் முகமும் மின்விசிறியும்தான் தெரியும், பூ தெரியாது.

அதனால் ஒரு பெட்டி செய்தேன். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் மேலேயும் ஜன்னல்போல வெட்டி, பட்டர் பேப்பர் ஒட்டினேன். உள்ளே வெள்ளைச் சார்ட்டை மடிக்காமல் வளைத்து இறக்கினால் தரை எது சுவர் எது என்று தெரியாது. ஜன்னல்களுக்கு வெளியே மூன்று 9 வாட் எல்இடி பல்பு. மூன்றும் ஒரே டப்பா, ஒரே வெள்ளை. ஒன்று மஞ்சளாக இருந்தால்கூடக் கவரின் ஒரு பக்கம் காமாலை பிடித்ததுபோல் ஆகிவிடும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தபோது இரண்டு நாள் போனைத்தான் திட்டினேன். அது பல்பின் வேலை. நம் வீட்டுக் கரண்டு வினாடிக்கு 50 சுழற்சி, மட்டமான பல்பு அதற்கு ஏற்ப வினாடிக்கு 100 தடவை மினுங்கும். கேமராவின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று வைத்ததும் கோடு போய்விட்டது. மொத்தச் செலவு 400 ரூபாய்க்குள்.

அந்தப் பெட்டி வந்த பிறகுதான் ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்ததால் பிளைன் கவர் நிறைய தேவைப்பட்டது. டவுன்ஹால் ரோட்டில் சில்லறையாக வாங்கினால் ஒன்று 60, 70 ஆகும். ஹோல்சேல் என்று தேடியபோது அந்தப் பேஜ் கண்ணில் பட்டது. பீஸ் 38 ரூபாய், குறைந்தது 100 பீஸ். படங்களெல்லாம் கண்ணாடி மாதிரி.

போனில் பேசியவனுக்கு 25 வயது இருக்கும். வாய் திறந்தால் அக்காதான். "உங்க வீட்டுத் தம்பின்னு நெனச்சுக்கோங்கக்கா. நீங்க செய்ற வேலையைக் காட்டுங்க, நல்லா இருந்தா நம்ம பேஜ்லயே போட்டுவிடறேன், ஆர்டர் உங்களுக்குத்தான் வரும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. 14 படம் அனுப்பினேன். அதுவும் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடுமே என்று டாக்குமென்டாக, முழு அளவில் அனுப்பினேன். "பேர் போட்டது வேணாம்க்கா, கிளீனா இருக்கட்டும்" என்றான். கிளீனாகவே கொடுத்தேன்.

கூரியரோடு 4,050 ரூபாய் முழுதாக முன்பணம் கட்டினேன். பதினோரு நாள் கழித்துப் பார்சல் வந்தது. எண்ணினால் 62. அதில் பாதிக்கு மேல் எந்தக் கடையிலும் இப்போது கிடைக்காத பழைய மாடல்கள். கேமரா ஓட்டை ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். மிச்சம் இருந்தவையும் மஞ்சள் பூத்த பழைய சரக்கு. கண்ணாடி மாதிரி இருக்கும் டிபியு (வளையும் பிளாஸ்டிக்) கவர் வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் இப்படித்தான் மஞ்சளாகும். அதைக் கழுவியும் போக்க முடியாது. ஒரு இருபது சிலிக்கான் கவர் வேறு. நான் கேட்டது அதுவல்ல. சிலிக்கானில் ரெசின் ஒட்டாது, ரெசின் வார்க்கும் அச்சையே அதனால்தான் சிலிக்கானில் செய்கிறார்கள். ஒன்றில் ஊற்றிப் பார்த்தேன். மறுநாள் அப்பளம்போல் உரிந்து கையோடு வந்தது.

ஆறு 'தண்ணிக் கவர்' இலவசமாகப் போட்டிருந்தான். உள்ளே திரவத்தில் ஜிகினா மிதக்குமே, அது. என் மகள் ஆசைப்பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பள்ளிப்பையில் ஒழுகி, புத்தகமெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. அப்புறம் தேடிப் படித்தேன். இதே வகைக் கவர்கள் ஒழுகித் தோல் எரிந்து புண்ணானதால், 2017-இல் அமெரிக்காவில் சுமார் 2 லட்சத்து 63 ஆயிரம் ஐபோன் கவர்களைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். மிச்சம் ஐந்தையும் குப்பையில் போட்டேன். உங்கள் வீட்டில் இருந்தால் ஓரத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் பிள்ளைகள் கையில் தராதீர்கள்.

அன்று இரவு ஒரு காரியம் செய்தேன். அவன் அனுப்பிய மஞ்சள் கவர் ஒன்றை என் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தேன். பல்பைப் போட்டு, வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி, ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்வது) ஆட்டோவில் விட்டேன். கிட்டப் போய் எடுத்ததில் போனே மஞ்சளை ஈடுகட்டிவிட்டது. திரையில் கவர் கண்ணாடி மாதிரி வந்தது. அவன் பேஜில் இருந்த அதே கண்ணாடி. தினமும் அந்தப் பெட்டிக்குள் கை விட்டு வேலை செய்கிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

இதோடு விட்டிருந்தால் நஷ்டம் நாலாயிரத்தோடு போயிருக்கும். நான் கத்தியதும் அவன் ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசவில்லை. "தப்பு எங்க மேலதான்க்கா, ஃபுல் ரீஃபண்ட் தரேன்" என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பினான். "ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க, உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்." போட்டேன். 4,050 வரவில்லை, போனது. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை, பின் போட்டாலே நம் காசு வெளியே போகிறது என்று அர்த்தம். எனக்கு இது தெரியாதா? தெரியும். என் மாமியாருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோபத்தில் இருக்கும்போது ஒருவன் பணிந்து பேசினால் மூளை வேலை செய்வதில்லை.

வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். மறுநாள்தான் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்தேன். உடனே கூப்பிட்டிருந்தால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். புகார் எண் கிடைத்தது, பணம் இன்றுவரை கிடைக்கவில்லை. பொருள் சரியில்லை என்ற முதல் பாதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்தேன். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பசை டப்பா வந்தால்கூட லேபிள் தெரிய வீடியோ எடுத்துவிட்டுத்தான் கத்திரிக்கோலைத் தொடுகிறேன்.

பிறகு அந்தப் பேஜை நிதானமாகத் துழாவினேன். இன்ஸ்டாவில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்று ஓர் இடம் இருக்கிறது, எப்போது தொடங்கியது, எத்தனை தடவை பெயர் மாற்றியது என்று காட்டும். ஐந்து தடவை மாற்றியிருந்தான். கமெண்ட் பூட்டிக் கிடந்தது. படங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒன்றில் நிழல் இடப்பக்கம், ஒன்றில் வலப்பக்கம், ஒன்றில் மர மேசை, ஒன்றில் பளிங்கு. ஒரே ஆள் ஒரே பெட்டியில் எடுத்தால் நிழல் இப்படி ஊர் சுற்றாது. ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம் சுட்டது. பணம் கட்டும் முன் பார்த்திருக்க வேண்டியதை, பறிகொடுத்துவிட்டுப் பார்த்தேன்.

அப்போதும் என் படங்கள் அங்கே இல்லை. ஆறு மாதம் கழித்து, வேறொரு பெயரில், கவர் விற்கிற கடையாக அவன் மறுபடி வந்தபோதுதான் அவை வெளியே வந்தன. பூ கவர் 450 ரூபாய், முன்பணம் மட்டும். சேலத்துப் பெண் ஏமாந்த பிறகு படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டிருக்கிறாள். அது நேராக என் பேஜில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவளைப் பொறுத்தவரை அவனும் நானும் ஒரே கடை.

அவளுக்கு வீடியோ கால் போட்டேன். பெட்டியைத் திருப்பி, சார்ட்டின் மூலையைக் காட்டினேன். அந்தக் கறையைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். துடைக்காமல் விட்ட சோம்பேறித்தனம் சாட்சியாக வந்து நின்றது. ஒரிஜினல் படங்களையும் அந்த மூலையையும் வைத்து இன்ஸ்டாவில் காப்புரிமைப் புகார் கொடுத்தேன். இரண்டு படம் நீங்கியது. மற்றவை அப்படியே இருக்கின்றன. 1930-க்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது முழு அளவுப் படத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. ஓரத்தில் பெயர் போட்டால் வெட்டிவிடுவார்கள் என்று, கவருக்குக் கீழே என் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைப் பாதி மறையும்படி வைத்தே எடுக்கிறேன். நான் வாங்கும்போது, அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிச் சரக்கோடு வைத்து ஒரு வீடியோ அனுப்பச் சொல்கிறேன். சரக்கு இருக்கிறவர்கள் ரெண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இல்லாதவர்கள், "நம்பிக்கை இல்லையாக்கா?" என்கிறார்கள்.

பேசி முடிக்கும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "அக்கா, அந்தக் கவர் நெஜமாவே நீங்க செய்றதுதானே? எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள். செய்து தருகிறேன் என்றேன்.

"கேஷ் ஆன் டெலிவரி இருக்கா?"

சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கும்மா" என்றேன்.