உளுந்தங்களியா, வெந்தயக்களியா? கரண்டிக்கும் தேக்கரண்டிக்கும் நடுவே ஒரு கணக்கு

மகளுக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, பள்ளியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8 என்று எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். அந்த வயதில் 12-க்குக் குறையக் கூடாது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்துவிட்டு, சாப்பாட்டையும் கவனித்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாடு என்ற பேச்சு எழுந்ததும் வீட்டில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்த என் அம்மாவுக்கு, பெண் பிள்ளையின் உடம்பு என்றால் உளுந்தங்களிதான். தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த என் மாமியாரோ, "உளுந்து வாயும்மா, வெந்தயம்தான் சூட்டைத் தணிச்சு ரத்தம் ஊறவைக்கும்" என்று வெந்தயக்களியின் பக்கம் நின்றார். இருவரையும் சமாதானப்படுத்த முதலில் இரண்டையும் செய்து பார்த்தேன். பிறகு நானே கணக்குப் போட்டேன். என் வீட்டில் வாரம் மூன்று நாள் கிண்டப்படுவது இப்போது உளுந்தங்களி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவை இரண்டும் அந்நியச் சரக்குகள் அல்ல. தாவரவியல்படி உளுந்தும் வெந்தயமும் ஒரே பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே நெற்றுக்குள் விளையும் விதைகள். ஆனால் உளுந்தைப் பருப்பு வகையிலும் வெந்தயத்தை மசாலா வகையிலும் நாம் வைத்திருக்கிறோம். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் பட்டியலிலும் வெந்தயம் இருக்கிறது. காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குப் பிந்தைய ஈரத்திலேயே உளுந்து முளைத்து வளர்ந்துவிடும். நம் கடைகளுக்கு வரும் வெந்தயத்தில் பெரும்பகுதி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் வயல்களில் விளைவது. சமையலறையில் இந்த இரண்டும் சந்திக்கும் இடம் இட்லி மாவு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அதோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம். நான் சொல்ல வருவது ஏறக்குறைய முழுவதும் இந்த விகிதத்திலேயே அடங்கியிருக்கிறது.

நூறு கிராமுக்கு நூறு கிராம் என்று வைத்துப் பார்த்தால் வெந்தயம் தோற்பதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பட்டியல்படி நூறு கிராம் உளுந்தில் புரதம் 25 கிராம், வெந்தயத்தில் 23. நார்ச்சத்து உளுந்தில் 18 கிராம், வெந்தயத்தில் 24.6. சுண்ணாம்புச் சத்து உளுந்தில் 138 மில்லிகிராம், வெந்தயத்தில் 176. பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலேட் மட்டும் உளுந்தில் 216 மைக்ரோகிராம், வெந்தயத்தில் 57 என்று தலைகீழாக நிற்கிறது. இரும்புச் சத்துதான் கண்ணைப் பறிக்கும்: உளுந்தில் 7.6 மில்லிகிராம், வெந்தயத்தில் 33.5. "உளுந்தைவிட நான்கு மடங்கு இரும்பு" என்று வெந்தயத்துக்காகச் சொல்லப்படும் பேச்சு இந்த எண்ணிலிருந்து கிளம்புவதுதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலிலோ வெந்தயத்தின் இரும்புச் சத்து இதைவிட வெகுவாகக் குறைவு. மண், ரகம், சுத்தம் செய்த விதம் என்று விதைக்கு விதை வேறுபடும் ஒன்றுக்கு ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது சரியல்ல என்பதால், நான்கு மடங்கு என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த 33.5-ஐயே ஒப்புக்கொண்டாலும், யார் நூறு கிராம் வெந்தயம் சாப்பிடுகிறார்கள்? ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஏறத்தாழ 3.7 கிராம் நிற்கும். அதில் கிடைக்கும் புரதம் ஒரு கிராமைக்கூடத் தொடாது, நார்ச்சத்தும் அப்படியே, இரும்பு, மிகத் தாராளமான கணக்கில் 1.2 மில்லிகிராம். உளுந்தங்களியோ ஆளுக்கு ஒரு கிண்ணம் என்று வைத்தால் 40 கிராம் உளுந்தாவது உள்ளே போய்விடும். அதாவது 10 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து, 3 மில்லிகிராமுக்குச் சற்று முன்பின்னாக இரும்பு, 80 மைக்ரோகிராமுக்கு மேல் ஃபோலேட். வேகவைப்பதில் ஃபோலேட்டின் ஒரு பகுதி போய்விடும் என்றாலும் மிஞ்சுவதே தேக்கரண்டி வெந்தயத்தைப் போலப் பல மடங்கு.

வெந்தயக்களிக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் தேக்கரண்டியை விட்டுவிட்டுக் களியையே எடுத்துக்கொள்ள வேண்டும். மாமியாரின் கைப்பக்குவம் ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்குக் கால் டம்ளர் வெந்தயம். நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்குப் பத்து கிராம் வெந்தயம் வரும். அப்போதும் புரதம் 2.3 கிராம்தான். இரும்பு மட்டும் அமெரிக்கப் பட்டியல்படி உளுந்தங்களியை எட்டிப்பிடிக்கிறது. ஐதராபாத் பட்டியல்படி அதுவும் இல்லை. மீதிக் களி முழுவதும் அரிசி. வெந்தயத்தைக் கூட்டலாமே என்றால், கசப்பு விடாது. அந்தக் கசப்பு விதையிலேயே உள்ள சப்போனின்கள் என்ற பொருள்களின் வேலை. ஓர் அளவுக்கு மேல் கருப்பட்டியாலும் அதை மறைக்க முடிவதில்லை. பருப்பு வயிற்றை நிரப்பும் பொருள், மசாலா குழம்பைத் திருத்தும் பொருள் என்ற பாகுபாட்டை நம் முன்னோர் நாக்கை வைத்தே செய்திருக்க வேண்டும்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். களியில் போதாது என்று, வெந்தயத்தை வறுத்துப் பொடித்து, காலையில் ஒரு மேசைக்கரண்டி வீதம் மோரில் கலந்து மகளுக்குக் கொடுத்தேன். நான்காம் நாள் வயிறு உப்பிக்கொண்டு பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். ஆறாம் நாள், தன் சீருடையில் வெந்தய வாடை அடிப்பதாகத் தோழிகள் கேலி செய்ததாகச் சொல்லி அழுதாள். அது கற்பனை அல்ல: வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோட்டலோன் என்ற பொருள் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளிப்படும். பொடி டப்பா அன்றோடு பரணுக்குப் போனது.

உளுந்தங்களிக்கு இந்தச் சங்கடம் இல்லை, ஆனால் உழைப்பு அதிகம். தோலோடு கூடிய கருப்பு உளுந்தை வாங்குவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நார்ச்சத்தில் கணிசமான பகுதி அந்தத் தோலில் உள்ளது, வெள்ளை உளுந்தில் அது போய்விடுகிறது. இரும்புச் சட்டியில், சிறு தீயில், கருகாமல் வாசனை வரும்வரை வறுத்து, நான்கு பங்குக்கு ஒரு பங்கு பச்சரிசி சேர்த்து மாவாக்கி வைத்துக்கொண்டால் மூன்று வாரம் வரும். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, கொதிக்கும் அந்தத் தண்ணீரில் மாவைத் தூவிக்கொண்டே துடுப்பால் கிண்ட வேண்டும். ஒரு நிமிடம் கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். நல்லெண்ணெயை இடையிடையே ஊற்றி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்க வேண்டும். அம்மா உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, அதில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றித்தான் கொடுப்பார். எண்ணெயும் கருப்பட்டியும் சேரச் சேர இது சத்துணவு என்பதிலிருந்து பலகாரத்தின் பக்கம் நகர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒல்லியான பெண்ணுக்கு அது தொல்லை இல்லை, எனக்குத் தொல்லை.

உளுந்தின் பக்கம் இன்னொரு சாதகமும் உண்டு. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், கந்தகம் கொண்டவை பருப்பு வகைகளில் குறைவு, லைசின் என்பது அரிசியில் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. களியில் சேரும் அந்த ஒரு பங்கு பச்சரிசி சிறிய அளவில் செய்யும் இதே வேலையை இட்லி பெரிய அளவில் செய்கிறது. இரும்பைப் பொறுத்தவரை உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் ஒரே முட்டுக்கட்டை: விதைகளில் உள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கும். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் உறிஞ்சுதல் கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். வளரும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும்போது, எந்தக் களியும் தனியாக அதைக் கொண்டுவந்துவிடாது. மகளின் ஹீமோகுளோபின் நான்கு மாதத்தில் 12.1 ஆனதற்கு முதல் காரணம் மாத்திரை. களிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

வெந்தயம் உண்மையில் ஜெயிக்கும் களம் வேறு, அது சர்க்கரை நோய். இரவில் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் பார்த்தால், விதைகள் பருத்து, விரலில் எடுத்தால் நூல் விடும் வழவழப்போடு இருக்கும். அந்த வழவழப்புதான் காலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. குடலில் கூழாகி, மாவுச்சத்து சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. உளுந்தின் நார்ச்சத்தில் இந்தத் தன்மை இவ்வளவு இல்லை. ஆனால் இங்கும் அதே அளவுப் பிரச்சினை குறுக்கே வருகிறது. ஐதராபாத் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி. பிந்தைய ஆய்வில் 25 கிராம். ஊறவைத்த ஒரு தேக்கரண்டியிலிருந்து அதே பலனை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. ஊறிய வெந்தயத்தைத் தயிரில் போட்டு ஐந்து வருடமாகச் சாப்பிட்டு வருகிறார், அளவு ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையும் நடையும் கூடவே இருப்பதால் அதை நான் சான்றாகச் சொல்லத் துணியவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தைக் கூட்டும்போது ரத்தச் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் சமையலில் தாளிக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உளுந்தின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் திங்கள், புதன், வெள்ளி மாலையில் உளுந்தங்களி. சித்திரை பிறந்ததும் மாமியாரின் வெந்தயக்களி ஒரு மாதம் வாரம் ஒருமுறை நடக்கும். மகளும் அதைச் சாப்பிடுகிறாள், ஆனால் கசப்பு தெரியாதபடி நடுவே குழி செய்து கருப்பட்டிப் பாகை ஊற்றச் சொல்கிறாள், அதுவும் பாட்டிகள் இருவரில் அம்மாவின் கையால்.