ஆம்ஸ்டர்டாமில் வாடகை வீடு: "நீங்களே ரத்து செய்யுங்கள்" என்று கேட்டால் செய்யாதீர்கள்

ஜெர்மனியிலோ பெல்ஜியத்திலோ படித்துக்கொண்டு, வார இறுதியில் நண்பர்களோடு ஆம்ஸ்டர்டாம் போய்வரத் திட்டமிடும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த டிசம்பரில் நாங்கள் ஆறு பேர் அங்கே இரண்டு இரவு தங்குவதற்காக 780 யூரோ கட்டினோம். அதில் இன்றுவரை திரும்பி வந்தது 60 யூரோ மட்டுமே. எங்களிடம் யாரும் கடவுச்சொல்லைத் திருடவில்லை, போலி இணையதளம் எதையும் காட்டவில்லை. எல்லோரும் அறிந்த முன்பதிவுத் தளம் ஒன்றில் முறைப்படி கார்டில் பணம் கட்டி, உறுதிக் கடிதமும் கைக்கு வந்த பிறகுதான் ஏமாற்றப்பட்டோம். ஆகவே அது எந்த வழியாக நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஜெர்மனியின் ஆஃகன் நகரில் முதுகலை படிக்கிறோம். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கிலிருந்து, மாதம் 992 யூரோ வருகிறவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் ஓட்டல் விலை கட்டுப்படியாகாது. அதற்கு மேல் அறை வாடகையில் 12.5 சதவீதம் நகராட்சிச் சுற்றுலா வரி வேறு. குளிர்காலத்தில் கால்வாய்களை ஒட்டி நடக்கும் ஒளித் திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. நகரின் மேற்கே டி பார்ஸ்யெஸ் பகுதியில் இரண்டு படுக்கையறையும் சோபா படுக்கையும் கொண்ட மூன்றாம் மாடி வீடு, ஆறு பேர் தங்கலாம் என்று விளம்பரம் சொன்னது. படங்கள் அழகாக இருந்தன, மதிப்புரைகளும் குறைவானாலும் நன்றாகவே இருந்தன. எங்களில் திருச்சிக்கார நண்பர் ஒருவர் தன் பெயரில் பதிவு செய்தார், மற்றவர்கள் ஆளுக்கு 130 யூரோவை அவருக்கு அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பேருந்து உட்ரெக்ட் தாண்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மேல்மாடியில் குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, இன்று அங்கே தங்க முடியாது, ஆனால் கவலை வேண்டாம், பக்கத்திலேயே இதைவிடப் பெரிய வீடு ஒன்று காலியாக இருக்கிறது, விலையிலும் 150 யூரோ குறைத்துக்கொள்கிறேன் என்றார். ஈரமான கூரையின் படத்தையும் இணைத்திருந்தார். பேச்சு அவ்வளவு பணிவாக இருந்தது. இதுவரை நடந்ததை ஏமாற்று என்று சொல்ல முடியாது. குழாய் எந்த ஊரிலும் உடையும்.

ஏமாற்று அடுத்த செய்தியில் இருந்தது. பழைய பதிவை எங்கள் பக்கத்திலிருந்து ரத்து செய்தால்தான் தளம் முழுப் பணத்தையும் உடனே திருப்பித் தரும், தான் ரத்து செய்தால் இரண்டு வாரம் இழுக்கும், அதற்குள் புதிய வீட்டுக்கு நேரடியாக 630 யூரோ அனுப்பிவிட்டால் தளத்தின் சேவைக் கட்டணமும் மிச்சம் என்றார். கேட்பதற்கு நியாயமாகவே படும். உண்மை இதற்கு நேர்மாறானது. வீட்டுக்காரர் ரத்து செய்தால் விருந்தினருக்கு முழுப் பணமும் திரும்பும், வீட்டுக்காரருக்குத் தளம் அபராதம் போடும், அவருடைய மதிப்பீடும் பாதிக்கப்படும். விருந்தினர் ரத்து செய்தாலோ அந்த விளம்பரத்துக்குரிய ரத்து விதிதான் செல்லும். எங்கள் விளம்பரத்தில் இருந்தது கடுமையான விதி, வருகை நாளில் ரத்து செய்தால் துப்புரவுக் கட்டணம் தவிர ஒரு காசும் திரும்பாது. அதாவது, யாரும் தங்காத வீட்டுக்கு முழு வாடகையும் அவருக்குப் போய்விடும். "ஆறு பேரும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அவசரப்படுத்துகிறேன்" என்று அவர் மறுபடி மறுபடி எழுத, இருட்டும் மழையுமாக இருந்த அந்த நேரத்தில் நண்பரின் போனில் ரத்துப் பொத்தான் அழுத்தப்பட்டது.

அடுத்து வந்தது ஒரு வங்கிக் கணக்கு எண். எல்டி என்று தொடங்கும் லிதுவேனியாக் கணக்கு. ஆன்லைன் வங்கிகள் பலவற்றின் கணக்குகள் அப்படித் தொடங்குவது உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நண்பர் பெயரையும் எண்ணையும் இட்டதும், கணக்கு வைத்திருப்பவர் பெயர் நீங்கள் எழுதிய பெயரோடு பொருந்தவில்லை என்று வங்கிச் செயலி நிறுத்திக் காட்டியது. யூரோ பகுதி வங்கிகள் பணம் அனுப்பும் முன் பெயரையும் கணக்கு எண்ணையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் 2025 அக்டோபர் 9 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாங்கள் அந்த 630 யூரோவை இழக்காமல் இருந்ததற்கு அந்த ஒரு விதியே காரணம். அது பற்றிக் கேட்டதும், கணக்கு என் மனைவியுடையது என்றார் வீட்டுக்காரர். மறுத்தோம். சரி, சாவி வாங்கும்போது 200 யூரோ டெபாசிட் மட்டும் ரொக்கமாகக் கொடுங்கள், வாடகையைத் தளத்திலிருந்து பணம் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். ஆறு பேரின் பாஸ்போர்ட் படங்களையும் கேட்டார். இருவர் அனுப்பியும் விட்டார்கள். இதுபற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்லோட்டர்டைக் நிலையத்தில் இறங்கி டிராம் பிடித்துக் கொடுத்த முகவரிக்குப் போனோம். சைக்கிளில் வந்த ஒரு இளைஞர் 200 யூரோவை எண்ணி வாங்கிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் கம்பியில் பூட்டியிருந்த சாவிப்பெட்டியின் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "பெரிய வீடு" என்பது தரைத்தளத்தில் முன்பு ஏதோ கடையாக இருந்த இடம். தெருவைப் பார்த்த கண்ணாடி முழுவதும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, அதன் விளிம்பில் பழைய விலைப்பட்டியலின் மிச்சம் தெரிந்தது. மூன்று இரட்டை அடுக்குக் கட்டில்கள், கைப்பிடி கழன்ற கழிப்பறைக் கதவு, ஒரு மின்சார ஹீட்டர். கதவின் உட்புறம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்று டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது: மணி அடித்தால் திறக்க வேண்டாம், யாராவது கேட்டால் வீட்டுக்காரரின் நண்பர்கள் என்று சொல்லவும், பெட்டிகளைத் தெருவில் இழுத்து ஓசை எழுப்ப வேண்டாம், நகராட்சி ஆட்கள் வந்தால் உடனே இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பவும். அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்தோம். பின்னால் நாங்கள் கொடுத்த எல்லாப் புகார்களிலும் அதைவிட வலுவான சான்று வேறு இல்லை.

களைப்பில் அப்படியே படுத்துவிட்டோம். நள்ளிரவு கடந்து ஒரு மணி வாக்கில் வெளியே சாவிப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு நான்கு போர்ச்சுகீசிய இளைஞர்கள் பெட்டிகளோடு உள்ளே வந்து, விளக்கைப் போட்டு, எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அவர்களிடமும் அதே முகவரி, அதே சாவி எண், அதே உடைந்த குழாய்க் கதை இருந்தன. எங்களுக்கு வந்த ஈரக் கூரைப் படமும் அவர்கள் போனில் இருந்தது. வீட்டுக்காரரை இரு தரப்பும் மாறி மாறி அழைத்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பிறகு எங்கள் எண்கள் தடை செய்யப்பட்டன. ஆறு கட்டிலில் பத்துப் பேர் எப்படியோ ஒடுங்கியிருக்கலாம், ஆனால் அடுத்து யார் வந்து கதவைத் திறப்பார்கள் என்று தெரியாத இடத்தில் பெண்கள் இருவரை வைத்துக்கொண்டு தங்க முடியாது என்று வெளியேறினோம்.

அந்த நேரத்தில் வரவேற்பறை திறந்திருந்த ஒரு ஹாஸ்டலில் ஆளுக்கு 70 யூரோவும் வரியும் கேட்டார்கள், கொடுத்தோம். நெதர்லாந்தில் விடுதிகள் தங்குகிறவரின் அடையாள ஆவணத்தைப் பார்த்துப் பதிய வேண்டும். எங்களில் ஒருவர் பாஸ்போர்ட்டை ஆஃகனிலேயே வைத்துவிட்டு ஜெர்மன் தங்குமிட அட்டையை மட்டும் கொண்டுவந்திருந்தார். அட்டையோடு பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால்தான் மற்ற ஷெங்கன் நாட்டுக்குள் போகலாம் என்பது விதி. அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, போனில் இருந்த படத்தை மேலாளர் ஏற்றுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. எல்லா இடத்திலும் அது நடக்காது. ஒளித் திருவிழாவைப் பார்க்காமலே சனிக்கிழமை மதியம் ஊர் திரும்பிவிட்டோம்.

இனி, பணத்துக்காக அலைந்த கதை. முன்பதிவுத் தளம் மூன்று வரியில் பதில் அனுப்பியது: ரத்து விருந்தினரின் விருப்பப்படி செய்யப்பட்டது, ஆகவே துப்புரவுக் கட்டணம் 60 யூரோ மட்டும் திரும்பும். வீட்டுக்காரர் ரத்து செய்யச் சொன்ன உரையாடல் முழுவதும் வாட்ஸ்அப்பில் இருந்ததால், தளத்தின் உள்ளே நடக்காத பேச்சைத் தங்களால் சரிபார்க்க முடியாது என்றார்கள். அவர் எங்களை வாட்ஸ்அப்புக்கு இழுத்துக்கொண்டு போனதன் பயன் அப்போதுதான் தெரிந்தது. கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக்கைக் கேட்டோம். கார்டு உரிமையாளரே ரத்து விதியை ஏற்று ரத்து செய்திருப்பதாகத் தளம் ஆவணம் காட்டியது, கோரிக்கை தள்ளுபடியானது. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலக் காவல்துறையின் இணையப் பக்கத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கியிருக்கிறோம். காவல்துறை பணத்தை மீட்டுத் தரும் என்ற நம்பிக்கையில் அல்ல. இருவரின் பாஸ்போர்ட் படங்கள் அந்த ஆளிடம் இருக்கின்றன, நாளை அவற்றை வைத்து எங்கேயாவது கணக்குத் திறந்தால் காட்டுவதற்கு ஒரு தேதியிட்ட தாள் வேண்டும். ஜெர்மனியின் கெல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கும் எழுதியிருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இரு நாடுகளுக்கு இடையிலான நுகர்வோர் வழக்குகளை அவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் வணிக நிறுவனத்தின் மீதான புகாரைத்தான். தனிநபர் வீட்டுக்காரர் மீதான புகார் அவர்கள் வரம்பில் வராது. அதனால் தளத்தின் மீதே புகார் எழுத வேண்டியிருந்தது.

ஆம்ஸ்டர்டாம் நகராட்சிக்கு எழுதப் போனபோது விதிகளைப் படித்தோம். அவை அந்த விளம்பரத்தை முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுக்கின்றன. அந்நகரில் ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம். ஆனால் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. ஆண்டுக்கு 60 இரவாக இருந்த உச்ச வரம்பை 2019-இல் 30 இரவாகக் குறைத்துவிட்டார்கள். 2021 முதல் ஒவ்வொரு விளம்பரத்திலும் பதிவு எண் இருந்தாக வேண்டும். அந்த எண் 0363 என்று தொடங்கும், அது ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் குறியீடு. ஆகவே அங்கே "ஆறு பேருக்கு முழு வீடு" என்று சுற்றுலா வாடகை விளம்பரம் வந்தாலே அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் விளம்பரத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் "விலக்கு பெற்றது" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. ஓட்டல்களுக்கும் ஹாஸ்டல்களுக்கும் இந்த எண் தேவையில்லை, அதனால் அங்கே தேடிக் குழம்ப வேண்டாம். ஆறு பேராகப் போகிறவர்கள் மூவர் மூவராக இரண்டு அறை எடுப்பதோ, ஹாஸ்டலில் ஆறு படுக்கை அறையை முழுவதும் எடுப்பதோதான் வழி. பணம் கூடும் என்பது உண்மைதான். டச்சுக்காரர்கள் வீட்டுத் தட்டுப்பாட்டில் தவிக்கும்போது இந்த விதிகள் அங்கு குடியிருப்பவர்களுக்காக வந்தவை. நம் சட்டைப்பைக்காக அவற்றைத் தளர்த்துவார்கள் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டு, வருகை நாளன்று "வேறு வீடு" என்று செய்தி வந்தால், ரத்துப் பொத்தானின் பக்கமே போகாதீர்கள். தளத்தின் உள்ளே இருக்கும் செய்திப் பெட்டியில், "வீடு கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஆகவே ரத்தை நீங்கள் செய்யுங்கள்" என்று எழுதுங்கள். அதே நிமிடம் தளத்தின் உதவி எண்ணை அழையுங்கள். பேருந்திலிருந்தே அழையுங்கள், போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆள் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால், அங்கே வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தளத்தின் பெட்டியிலேயே போட்டு, இதை உறுதி செய்யுங்கள் என்று கேளுங்கள். நேர்மையான வீட்டுக்காரருக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்காது. பாஸ்போர்ட் படம் கேட்டால், நேரில் காட்டுகிறோம் என்று சொல்லுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், நெதர்லாந்து அரசே வெளியிட்டிருக்கும் கோபிஐடி (KopieID) என்ற செயலியில் எண்ணை மறைத்து, யாருக்காக எந்தத் தேதியில் கொடுத்தது என்று படத்தின் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

கடைசியாக, அந்த விளம்பரத்தின் அடையாளம். கூகுளில் படத்தை வைத்துத் தேடியபோது, வீடு விற்பனைக்கான ஃபண்டா தளத்தில் முன்பு வந்த ஒரு விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் அவை என்று தெரிந்தது. நாங்கள் புகார் கொடுத்த சில நாட்களில் விளம்பரம் காணாமல் போனது. போன வாரம் அதே படங்கள் வேறொரு வீட்டுக்காரர் பெயரில், இம்முறை ஹார்லெம் நகரில் எட்டுப் பேருக்கான வீடாக மீண்டும் வந்திருக்கின்றன. கரும்பச்சை சமையலறை அலமாரிகள், சன்னலுக்கு மேலே வட்டமான சிறு கண்ணாடி, சாப்பாட்டு மேசைக்கு மேலே பித்தளைத் தொங்குவிளக்கு மூன்று. தளத்துக்குத் தெரிவித்துவிட்டோம், இதை எழுதும்வரை விளம்பரம் நீக்கப்படவில்லை.