எட்டு ஹாலோவீன், ஒரே அச்சு: வீட்டில் செய்யும் பரங்கிக்காய் கேக்

2017 அக்டோபரில் வாங்கிய பண்ட் கேக் அச்சு இது. வார்ப்பு அலுமினியம், 10 கப் கொள்ளளவு, நடுவில் குழாய், சுற்றிலும் அகலமான வரிகள். நாற்பது டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். அக்டோபர் 31 அன்று குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் நாள்தான் ஹாலோவீன். 2024 வரை எட்டு ஹாலோவீனுக்கு, வருடத்துக்கு இரண்டு கேக்காவது இதில் சுட்டிருக்கிறேன்.

இரண்டு வளையக் கேக்குகளைச் சுட்டு, தட்டைப் பக்கங்களைச் சீவி, ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் மற்றொன்றை ஐசிங் வைத்து ஒட்டினால் முழுப் பரங்கிக்காய் வடிவம் வந்துவிடும். மேலே தெரியும் குழியில் ஒரு ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்துச் செருகிப் பச்சை ஐசிங் பூசினால் காம்பும் தயார். செய்வது இவ்வளவுதான். ஆனால் அது ஒழுங்காக வர எனக்கு மூன்று வருடம் ஆனது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே. இந்தப் பகுதிக்கு ஹாலோவீன் பெரிய விஷயம். பக்கத்திலுள்ள அனோகா ஊரில் 1920இலேயே ஹாலோவீன் ஊர்வலம் தொடங்கிவிட்டது. ‘உலகின் ஹாலோவீன் தலைநகர்’ என்றுதான் அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. பண்ட் அச்சும் மினியாபொலிஸ்காரர்கள் உருவாக்கியதுதான். ஹடாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பின் உள்ளூர்க் கிளையினர், ஐரோப்பாவில் பாட்டிமார் வைத்திருந்த கனமான வளைய அச்சைப் போல ஒன்று வேண்டும் என்று கேட்க, நார்டிக் வேர் என்ற பாத்திர நிறுவனத்தை நடத்திய டேவிட் டால்க்விஸ்ட் 1950இல் அதை அலுமினியத்தில் வார்த்துக் கொடுத்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அச்சின் மேல் எனக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது.

முதல் வருடம் கேக் சொதசொதவென்று வந்தது. வாசலில் முகம் செதுக்கி வைக்கும் பெரிய பூசணியை வேகவைத்து அரைத்துப் போட்டிருந்தேன். அது நாரும் தண்ணீரும் நிறைந்த வகை; செதுக்க நன்றாக இருக்கும், கேக்குக்கு ஆகாது. கடையில் டப்பாவில் வரும் பூசணி விழுது பெரும்பாலும் டிக்கின்சன் என்ற வேறு வகையிலிருந்து வருகிறது. தாவரவியலில் அது குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்ற இனம். தமிழ்நாட்டில் கூட்டு வைக்கும் பரங்கிக்காயும் அதே இனம்தான்! இது தெரிந்த வருடம் இந்தியக் கடையில் ஒரு கீற்றுப் பரங்கி வாங்கி, ஆவியில் வேகவைத்து, மசித்து, மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தேன். டப்பாவை விட நல்ல நிறம், நல்ல மணம். நேரம் இருந்தால் அதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் 425 கிராம் டப்பா ஒன்று, ஒரு கேக்குக்குச் சரியாக இருக்கும்.

என் அளவு: மூன்று கப் மைதா, இரண்டு கப் சர்க்கரை, நான்கு முட்டை, ஒரு கப் எண்ணெய், ஒரு டப்பா விழுது, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு. பட்டைத்தூள் இரண்டு டீஸ்பூன்; சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். அச்சில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. உள்பக்கம் கறுப்புப் பூச்சுள்ள அச்சு என்பதால் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பதில் 325இல் வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் வரை பிடிக்கும்.

இதற்கு முன் என்னிடம் மெல்லிய தகர அச்சு ஒன்று இருந்தது. அதில் நடு வேகுமுன் விளிம்பு கருகும். வார்ப்பு அலுமினியம் சூட்டை எல்லாப் பக்கமும் சமமாகக் கொண்டுபோகிறது. வரிகளின் மேடும் பள்ளமும் ஒரே பழுப்பு நிறத்தில் வெளிவருகின்றன. காசு கொடுத்ததற்கு இந்த ஒன்றே போதும்.

அடுத்து, ஒட்டுதல். பணியாரக் குழியில் ஒரு குழி மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுமே, அதே சங்கடம் இங்கே பதினாறு வரிகளிலும் வரும். 2018இல் கேக்கின் மேல்பாதி அச்சிலேயே நின்றுவிட்டது. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு, அழுதுவிட்டாள். அப்புறம் எண்ணெய் ஸ்ப்ரேக்கு மாறினேன். அது இரண்டு வருடம் கை கொடுத்தது. ஆனால் அதிலுள்ள லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் சூட்டில் படிந்து படிந்து, தொட்டால் பிசுபிசுக்கும் பழுப்புப் படலமாகிவிட்டது. வெந்நீரில் பேக்கிங் சோடா குழைத்து, மென்மையான பஞ்சால் மூன்று நாள் தேய்த்துத்தான் அதை எடுத்தேன்.

இப்போது செய்வது இதுதான்: வெஜிடபிள் ஷார்ட்டனிங் (வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பு), எண்ணெய், மைதா மூன்றையும் சம அளவில் எடுத்து, வெள்ளைக் குழம்பாகும் வரை அடித்து ஒரு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். மாவு ஊற்றுவதற்குச் சற்று முன் பிரஷ்ஷால் ஒவ்வொரு வரியிலும், நடுக்குழாயின் உச்சி வரையிலும் தடவுகிறேன். முன்பே தடவி வைத்தால் வழிந்து அடியில் தேங்கிவிடும். சுட்டு எடுத்த பின் சரியாகப் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்க்க வேண்டும். உடனே கவிழ்த்தால் உடையும், அரை மணி விட்டால் ஆவி வியர்த்து ஒட்டும். 2020க்குப் பிறகு ஒரு கேக்கும் ஒட்டவில்லை.

அலங்காரத்தில் என் கருத்து வருடத்துக்கு வருடம் மாறியது. தொடக்கத்தில் முழுக் கேக்கின் மேலும் ஆரஞ்சு பட்டர்க்ரீம் பூசினேன். பார்க்க அழகுதான், ஆனால் அச்சு தந்த வரிகள் எல்லாம் அதற்கடியில் போய்விட்டன. தட்டில் குழந்தைகள் ஒதுக்கி வைத்ததும் அந்த ஐசிங்கைத்தான். இப்போது ஐசிங் சர்க்கரையில் கொஞ்சம் பாலும் ஆரஞ்சு ஜெல் நிறமும் கலந்து, கரண்டியிலிருந்து நாடாவாக வழியும் பதத்தில் மேலிருந்து ஊற்றுகிறேன். அது பள்ளங்களில் இறங்கி நிற்கும்போது பரங்கிக்காய் தானாகத் தெரிகிறது. திரவ நிறம் வாங்காதீர்கள்; நல்ல ஆரஞ்சு வருவதற்குள் ஐசிங் நீர்த்துவிடும்.

கறுப்புக்கு நிறத்தை மட்டும் கொட்டினால் கசக்கும், பல்லும் நாக்கும் கறுத்துவிடும். முதலில் கறுப்புக் கோகோ சேர்த்து ஐசிங்கைக் கரும்பழுப்பாக்கி, பிறகு துளி ஜெல் விட்டு, ஓர் இரவு மூடி வைத்தால் தானே கறுக்கும். ஒரு எச்சரிக்கை: கேக் மாவிலேயே இந்தக் கோகோவைப் போடுவதானால், அது காரத்தன்மை ஏற்றியது, சோடாவுக்கு வேண்டிய அமிலம் அதில் இல்லை. தயிர் போலப் புளிப்பு எதுவும் மாவில் சேராவிட்டால் பேக்கிங் பவுடர்தான் தூக்கிக் கொடுக்கும்.

எல்லாருக்கும் பிடித்தது சிலந்தி வலை. பெரிய மார்ஷ்மெல்லோ நான்கைந்தை மைக்ரோவேவில் உருக்கி, சற்று ஆறியதும் விரல்களில் எடுத்து இழுத்தால் நூல் நூலாக வரும். கேக்கைச் சுற்றிச் சுற்றிப் படரவிட வேண்டும். கையில் லேசாக எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இதை இப்போது மகள்தான் செய்கிறாள்.

முட்டை வெள்ளையில் மெரிங்குப் பேய்களும் செய்வோம்: வெள்ளையின் எடைக்கு இரு மடங்கு சர்க்கரை, 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம், பிறகு ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுவது. ஹீட்டர் ஓடும் அக்டோபர் வீட்டின் வறண்ட காற்றில் மொறுமொறுவென்று நிற்கும். ஐசிங்கின் ஈரம் பட்டால் இளகிவிடும் என்பதால் பரிமாறும் நேரத்தில்தான் மேலே நிறுத்துவேன்.

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று. வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு வீட்டில் செய்த கேக்கைக் கொடுக்காதீர்கள். அறியாத வீட்டுப் பண்டத்தைப் பெற்றோர் வாங்கவிட மாட்டார்கள், ஒவ்வாமை பயமும் உண்டு. அதற்கு உறையிட்ட மிட்டாய்தான். நீலப்பச்சைப் பூசணி வைத்த வாசல் என்றால் சாப்பிட முடியாத குழந்தைகளுக்கு ஸ்டிக்கர், பென்சில் போன்றவை உண்டு என்று பொருள். நாங்களும் ஒன்று வைக்கிறோம். கேக் வீட்டுக்கும் தெரிந்த நண்பர்களுக்கும்.

அச்சின் இன்றைய நிலை: 2019இல் ஒருமுறை தெரியாமல் டிஷ்வாஷரில் போய்விட்டதால் வெளிப்பக்கம் சாம்பல் பூத்துக் கறுத்துவிட்டது. நடுக்குழாயருகே நான் கத்தி விட்டுக் கிளறிய இடத்தில் பூச்சில் இரண்டு கீறல்கள். சுடுவதில் எந்தக் குறையும் இல்லை. கையால் கழுவி, உடனே துடைத்து வைத்தால் நீண்ட நாள் வரும் என்று நம்புகிறேன்.

இரண்டு கேக் சேர்ந்தால் இருபது பேருக்கு மேல் சாப்பிடலாம். வீட்டில் மூன்று பேர்தான் என்றால் 6 கப் அச்சு வாங்குங்கள், மாவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அக்டோபர் 31 மாலை குளிர்ச் சட்டைக்கு மேல் வேஷம் போட்டுக்கொண்டு தெருச் சுற்றிவிட்டு வரும் கூட்டத்துக்குப் பெரிய அச்சுதான் கட்டுப்படியாகிறது. மறுநாள் காலைக்குக் காம்புக் கோன் மட்டும்தான் மிஞ்சும்.