கருப்பு உறை: கழற்றுவதா, புதுப்பிப்பதா?

பெரிய எஸ்யூவியின் கதவடியிலும் சக்கர வளைவுகளிலும் உள்ள கருப்பு பிளாஸ்டிக் உறை சென்னை வெயிலில் வெளுத்துவிடும். கழற்றிவிட்டால் வண்டி மிடுக்காகத் தெரியும், உண்மைதான். ஆனால் அடியில் கிளிப் துளைகளும், பசையும், சேறு உரசிய பெயின்டும் இருக்கும். துளைகளைத் தகடு வைத்துப் பற்றவைத்து, பிரைமர் அடித்து, அந்தப் பக்கம் முழுவதும் பெயின்ட் செய்ய வேண்டும். வெறும் பட்டி (குழி நிரப்பும் பசை) பூசி மூடினால் ஐப்பசி மழைக்கு நீர் புகுந்து துரு கிளம்பும்.

புதுப்பிப்பது மலிவு: நன்றாகக் கழுவி, பிளாஸ்டிக்குக்கான பூச்சைத் தடவினால் போதும், அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும். கல் தெறிப்பிலிருந்து காப்பும் தொடரும்.

என் தேர்வு புதுப்பிப்பதே. திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் வண்டி நின்றால் மட்டும், ஒருமுறை கழற்றித் துருவைச் சுரண்டி, புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் புதுக் கிளிப் வாங்கி மறுபடி மாட்டுங்கள்.