சிம்ப்சன்ஸில் ஒளிந்திருப்பதைத் தேட டிஸ்னி பிளஸ் போதுமா?

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் நகைச்சுவையில் பெரும்பங்கு வசனத்தில் இல்லை. கடைப் பலகை, கரும்பலகை, பின்னணியில் ஓடும் குழாய் என்று மூலைகளில் கிடக்கிறது. அதைத் தேடுபவர்களுக்கு டிஸ்னி பிளஸ் ஓடிடி தளம் நன்றாகவே உதவும், ஒரு அமைப்பை மட்டும் மாற்றினால்.

2009 பிப்ரவரி வரை வந்த அத்தியாயங்கள் பழைய டிவிக்கேற்ற 4:3 வடிவில் (அகலம் 4, உயரம் 3) வரையப்பட்டவை. 2019 நவம்பரில் தளம் தொடங்கியபோது அவற்றை இன்றைய அகலமான 16:9 திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். அகலம் அப்படியே இருக்க, உயரத்தில் 25 சதவீதம் போயிற்று. 1993இல் வந்த 'டஃப்லெஸ்' அத்தியாயத்தின் பீர் ஆலைக் காட்சியில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் பீர் வருகிறது. குழாயை வெட்டிவிட்டால் அங்கே சிரிக்க என்ன இருக்கிறது? ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பின் 2020 மே மாதம் பழைய வடிவமும் வந்தது.

தொடரின் பக்கத்தில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய் 'ரீமாஸ்டர்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்பதை அணையுங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரி. வராவிட்டால் டிவியின் ஜூம் அமைப்பைப் பாருங்கள். அதுவும் படத்தை வெட்டும். சப்டைட்டிலையும் நிறுத்துங்கள், அடியில் இருக்கும் எழுத்துகளை அது மறைத்துவிடும்.

நிறுத்திப் பார்க்கவேண்டிய காட்சி என்றால் 1998இன் 'தி விஸார்ட் ஆஃப் எவர்கிரீன் டெரஸ்'. தொடரின் நாயகனான குடும்பத் தலைவர் ஹோமரின் கரும்பலகையில் 3987, 4365 இரண்டின் 12ஆம் அடுக்குகளைக் கூட்டினால் 4472இன் 12ஆம் அடுக்கு என்று எழுதியிருக்கும். இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும் இரு முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு முழு எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்கிற பெர்மாவின் கடைசித் தேற்றப்படி இது நடக்காது. ஆனால் பத்து இலக்கக் கால்குலேட்டரில் போட்டால் சரியாகவே வரும்! குட்டை உடைக்க எளிய வழி உண்டு: முதல் இரண்டு எண்களும் 3ஆல் வகுபடும், அப்படியானால் கூட்டுத்தொகையும் வகுபட வேண்டும்; 4472 வகுபடாது. இவ்வளவு உழைப்பை ஓரிரு நொடிக் காட்சிக்குள் வைத்த எழுத்தாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ரசிகர் கோட்பாடுகளைச் சோதிக்க, அத்தியாயங்களை ஒளிபரப்பான வரிசையில் பார்க்கவேண்டும். புகழ்பெற்றது 'கோமா' கோட்பாடு: 1993 ஏப்ரல் 1 அத்தியாயத்தில் கோமாவில் விழுந்த ஹோமர் எழவே இல்லை, பின்னால் வருவதெல்லாம் அவர் கனவு என்பது. 1992 அக்டோபர் 8இல் வந்த 'ஹோமர் தி ஹெரெடிக்'கில், சாகும்வரை காத்திருக்க முடியாது என்ற ஹோமரிடம் 'ஆறு மாதம்கூடப் பொறுக்க முடியாதா' என்று கடவுள் கேட்பதே இதன் வலுவான சான்று. தேதிக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கோமாவுக்குப் பிறகுதான் கதைகள் விபரீதமாயின என்ற வாதம் நிற்காது. 1993 ஜனவரியிலேயே வந்த மோனோரயில் அத்தியாயத்தில் நடிகர் லெனர்ட் நிமாய் ஒளியாகக் கரைந்து மறைகிறார். தயாரிப்பாளர் அல் ஜீனும் கோட்பாட்டை மறுத்துவிட்டார்.

தளத்தின் பெரிய குறை, 1991இல் மூன்றாம் சீசனைத் தொடங்கிவைத்த 'ஸ்டார்க் ரேவிங் டாட்' இல்லாதது. மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த அந்த அத்தியாயத்தை 2019இல் தயாரிப்பாளர்களே விலக்கிக்கொண்டார்கள். பழைய டிவிடித் தொகுப்பில் அது இருக்கிறது, எழுத்தாளர்களின் விளக்க உரையும் உண்டு. கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் வழியாக ஓட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தலாம். பலகை எழுத்துகளைத் தீவிரமாகப் படிப்பவர்கள் சந்தாவோடு மூன்று முதல் எட்டு வரையான சீசன்களின் டிவிடியையும் வாங்கிவைப்பது நல்லது.